கோளத்துக்கு வெளியே நிற்பவன்

முதல் ஒரு மாதம் நான் செத்துக்கொண்டே இருந்தேன்.

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் போனதில் ஊரே அழுதது. அதே பட்டியலில் மொபைல் லெஜண்ட்ஸ் என்ற விளையாட்டும் போனது; அதற்காக எங்கள் ஓட்டப்பிடாரத்தில் அழுதவர்கள் நான்கு பேர். அழுது முடித்துவிட்டு அந்த நாலு பேரும் கம்ப்யூட்டரில் ஆடும் டோட்டா 2-க்கு மாறினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப், கிராபிக்ஸ் எல்லாம் அடிமட்டத்தில், போனிலிருந்து ஹாட்ஸ்பாட். டோட்டா அணிக்கு ஐந்து பேர் வேண்டும். அப்படித்தான் ஊரடங்குக்குக் கல்லூரியிலிருந்து ஊர் திரும்பியிருந்த நான் ஐந்தாவது ஆளானேன்.

சிக்னலுக்காக மொட்டை மாடியில் உட்கார்ந்து ஆடுவேன். ஆடிக் காற்று கரிசல் மண்ணை வாரிக்கொண்டு வந்து கீபோர்டில் கொட்டும். ஹெட்செட்டில் என் குரலை விடக் காற்றுதான் அதிகம் கேட்கும் என்று மற்றவர்கள் திட்டுவார்கள். காற்று இல்லாத நாட்களில் நான் செத்ததற்காகத் திட்டுவார்கள்.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக. டோட்டா என்பது 2003-இல் வார்கிராஃப்ட் 3 என்ற விளையாட்டுக்குள் ரசிகர்கள் சேர்ந்து கட்டிய ஒரு வரைபடம். 2013-இல் அதன் அடுத்த பிறவி டோட்டா 2 முறையாக வெளிவந்தது. இரண்டு பக்கமும் ஐவர். நடுவில் மூன்று பாதைகள், ஒரு ஆறு, காடு. எதிரியின் கோட்டைக்குள் இருக்கும் மூலக்கல்லை உடைத்தால் வெற்றி. தேர்ந்தெடுக்க 120-க்கு மேல் ஹீரோக்கள். பொதுவாக ஒவ்வொரு ஹீரோவுக்கும் மூன்று சாதாரணத் திறன்கள், ஒரு பெரிய திறன். அந்தப் பெரிய திறனை 'அல்டி' என்போம்.

நான் படித்து மார்க் வாங்கியவன். எனவே படித்தேன். அன்ரூல்டு நோட்டு ஒன்றில் ஒரு பக்கத்துக்கு ஒரு ஹீரோ என்று எழுதினேன். யாருக்கு எத்தனை நொடி ஸ்டன், எவ்வளவு தூரம், எவ்வளவு மானா. ஐம்பது பக்கம் தாண்டியும் செத்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் அணியில் ஒருவன் எப்போதும் கிரிஸ்டல் மெய்டன்தான் எடுப்பான். பனி மந்திரக்காரி. மெதுவாக நடப்பாள், ரெண்டு அடியில் செத்துப்போவாள். அவன்தான் எனக்குச் சொன்னான்: "நோட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மாப்ள. யாரு பக்கத்துல யாரு நிக்காங்கன்னு மொதல்ல பாரு."

அந்த ஒரு வாக்கியம் புரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆனது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

*

ஃபேஸ்லெஸ் வாய்ட் என்று ஒரு ஹீரோ. அவனுடைய அல்டியின் பெயர் க்ரோனோஸ்பியர். ஒரு பெரிய கண்ணாடிக் கோளத்தை வீசுவான். அதற்குள் இருக்கும் எல்லாருக்கும் நான்கைந்து நொடி காலம் நின்றுவிடும். அவன் மட்டும் உள்ளே நடமாடலாம், அடிக்கலாம். புதிதாக வந்தவன் இதைப் படித்ததும் என்ன நினைப்பான்? இவன்தான் கடவுள் என்று நினைப்பான். நான் நினைத்தேன்.

எங்கள் ஆள் வாய்டை எடுத்து மூன்று எதிரிகளைக் கோளத்துக்குள் பிடித்தான். நான் உற்சாகம் தாங்காமல் கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். அப்படியே உறைந்து நின்றேன். ஏனென்றால் அந்தக் கோளம் எதிரி, நண்பன் என்று பார்ப்பதில்லை. எல்லாருக்கும் காலம் நிற்கும். நான்கைந்து நொடி கழித்து கோளம் கலைந்தபோது நான் மூன்று எதிரிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். "எட்டப்பா!" என்று ஹெட்செட்டில் யாரோ கத்தினார்கள். எட்டயபுரத்துக்காரன் ஒருவனும் எங்கள் அணியில் உண்டு. அவன் வழக்கம்போல அதற்குச் சண்டைக்கு வந்தான்.

பிறகுதான் கவனித்தேன். வாய்ட் தனியாகக் கோளம் போட்டால் ஒரு ஆள் சாவான், சில சமயம் அதுவும் இல்லை. அதே கோளத்துக்கு வெளியே விட்ச் டாக்டர் நின்றால் கதையே வேறு. அவன் அல்டி டெத் வார்டு. ஓர் இடத்தில் நட்டுவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். அவனுக்கு யாராவது ஒரு ஸ்டன் போட்டால் வார்டு நின்றுவிடும். அவன் பலவீனமே அதுதான், சுற்றி எல்லாரும் நடமாடிக்கொண்டிருப்பது. கோளம் அவர்களை நிறுத்திவிடுகிறது. வாய்டுக்கு அடியின் கனம் போதாது, விட்ச் டாக்டருக்கு நேரம் போதாது. ஒருவன் குறையை இன்னொருவன் நிரப்புகிறான்.

இதற்கு நான் பள்ளியில் படித்த ஒரு சொல்தான் பொருந்துகிறது. வினையெச்சம். 'காலத்தை நிறுத்தி' என்று ஒரு ஹீரோவின் திறன் நிற்கிறது, முற்று இல்லை. 'கொன்றான்' என்பதை இன்னொருவன் வந்து சொல்ல வேண்டும். என் நோட்டில் நான் எழுதி வைத்திருந்தவை எல்லாம் வினையெச்சங்கள். அவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்து என்ன பிரயோசனம்?

வெறும் 120 ஹீரோ என்று வைத்துக்கொண்டாலே அவர்களை இருவர் இருவராகச் சேர்த்தால் 7,140 ஜோடிகள். ஐந்து பேர் அணியாகச் சேர்த்தால் 19 கோடிக்கு மேல். யாரும் இதைப் படித்து முடிக்க முடியாது. யூடியூபில் 'இந்த மாதத்தின் சிறந்த பத்து ஹீரோக்கள்' என்று பட்டியல் போடுகிறவர்கள் புதியவனுக்குச் செய்யும் பெரிய கெடுதல் இதுதான். 'யார் பெரிய ஹீரோ' என்பது சினிமாக் கொட்டகையில் கேட்கும் கேள்வி. இங்கே கேட்க வேண்டியது 'யாரோடு?' என்பது.

எங்கள் அப்பாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. பருத்திக்கு நடுவே உளுந்து போடுவார். உளுந்து எழுபது நாளில் வீட்டுக்கு வந்துவிடும். அதற்குள் மண்ணை மூடி ஈரத்தைக் காத்து, வேரில் தழைச்சத்தைச் சேர்த்துவிட்டுப் போகும். பருத்தி பிறகு நின்று நிதானமாகக் காய்க்கும். மானாவாரிக் காட்டில் ஒற்றைப் பயிரை நம்பினவன் ஒரு மழை பொய்த்தால் போச்சு. சினெர்ஜி, சினெர்ஜி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேனே, எங்கள் காட்டில் அதற்குப் பெயர் ஊடுபயிர்.

*

டோட்டாவில் எனக்கு மிகப் பிடித்த ஹீரோவின் பெயரைத் தமிழில் எழுதினால் 'ஐயோ' என்றுதான் வரும். ஒரு ஒளி உருண்டை. முகம் கிடையாது, கை கால் கிடையாது, பேச்சு கிடையாது. மற்ற ஹீரோக்கள் எல்லாம் பஞ்ச் டயலாக் பேசும்போது இது ஏதோ ஓர் ஒலி மட்டும் எழுப்பும். இதன் முதல் திறன் ஒரு கயிறு. நண்பன் ஒருவனோடு தன்னைக் கட்டிக்கொள்ளும். தனக்குக் கிடைக்கும் உயிரும் மானாவும் கயிற்றின் வழியாக அவனுக்கும் போகும். அல்டி, அவனையும் தன்னையும் வரைபடத்தின் எந்த மூலைக்கும் கொண்டுபோய்ப் போட்டுச் சில நொடியில் திரும்பக் கொண்டுவருவது. கட்டிக்கொள்ள ஆள் இல்லையென்றால் ஐயோ பாவம்தான்.

2019 ஆகஸ்டில் ஷாங்காயில் நடந்த உலகப் போட்டியில் ஓஜி அணி இந்த உருண்டையைத் துணைப் பாத்திரமாக வைக்காமல் அணியின் முதன்மை அடியாளாக ஆடவைத்தது. ஆடியவர் அனா. ஓஜி கோப்பையைத் தொடர்ந்து இரண்டாவது வருஷமாக வென்றது. அதுவரை யாரும் செய்யாதது. அந்த ஆட்டங்களைப் பின்னால் யூடியூபில் பார்த்தபோது எனக்குப் பக்கத்து ஊர் ஆள் ஒருவர் ஞாபகம் வந்தார்.

பாஞ்சாலங்குறிச்சி எங்கள் ஊருக்குப் பக்கம்தான். பள்ளி ஆண்டுவிழாவில் கட்டபொம்மன் வசனம் பேசாத பையன் எங்கள் பக்கம் கிடையாது. 1959-இல் வந்த சிவாஜி படத்தின் வசனம் அது. ஏழாம் வகுப்பில் நான்தான் கட்டபொம்மன். ஜாக்சன் துரை வேஷத்துக்கும் அடிதடி நடக்கும், அவனுக்கும் வசனம் உண்டு. ஊமைத்துரை வேஷம் யாருக்கும் வேண்டாம். பேச ஒன்றும் இல்லையே.

ஆனால் 1801-இல் ஊமைத்துரையை எதிர்த்துப் போரிட்ட கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில், எதிரி என்றும் பாராமல் வியந்து எழுதியிருப்பது இந்த ஊமையைப் பற்றித்தான். ஒல்லியான, நோயாளி மாதிரித் தோற்றம் கொண்ட இளைஞன். பேச்சு வராது. தாக்குதலுக்கு உத்தரவு கொடுப்பது எப்படி? சிறு வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் அடுக்கிக் காட்டுவானாம். அதுதான் ஆங்கிலப் படை. பிறகு மற்றக் கையால் அவற்றை வழித்துத் தள்ளி, வாயால் ஒரு சீறல் ஒலி. அவ்வளவுதான் கட்டளை. சுற்றி நின்றவர்கள் பாய்ந்துவிடுவார்கள்.

டோட்டாவில் மொழி தெரியாதவர்களோடு ஆடும்போது நாங்கள் 'பிங்' செய்வோம். வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தட்டினால் எல்லாருக்கும் மணி அடிக்கும். இங்கே வா, அங்கே போகாதே, இப்போது. ஊமைத்துரையின் வைக்கோல் துண்டு அதுதான். அதற்குப் பலம் சொல்கிறவனிடம் இல்லை, பார்த்ததும் புரிந்துகொள்ளும் பத்து பேரிடம் இருக்கிறது.

வெல்ஷ் எழுதியிருக்கும் இன்னொரு சம்பவம் இதைவிடப் பெரியது. 1801 மே மாதம் கோட்டை விழுந்த பிறகு, பிணங்களுக்கு நடுவே தன் மகனைத் தேடி ஒரு பெண் வருகிறாள். மகனுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. என்னை விட்டுவிடு, பக்கத்தில் காயம்பட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்கிறான் மகன். சாமி என்றது ஊமைத்துரையை. பெண்கள் அவனைத் தூக்கிப்போய் வீட்டில் கிடத்துகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது துணியைப் போர்த்திவிட்டு ஒப்பாரி வைக்கிறார்கள்: பையன் அம்மை கண்டு இப்போதுதான் செத்தான். தேடி வந்தவர்கள் பயந்து திரும்பிப் போய்விட்டார்கள்.

அந்த மகனுக்குப் பெயர் இல்லை, அந்தத் தாய்க்கும் இல்லை. டோட்டா ஆடுகிற யாரிடமும் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், 'சப்போர்ட்' என்பார்கள். தான் செத்து, அடியாளைத் தப்பவைக்கிறவன்.

*

நம்மிடம் சொல்லப்பட்ட வீரக் கதைகளில் இந்தக் கயிறுகளை எல்லாம் அறுத்துவிட்டு ஆட்களை மட்டும் எடுத்துச் சிலையாக்கிவிட்டோம். இது தமிழ் சினிமா மேல் மட்டும் போடுகிற பழி இல்லை. எங்கள் வட்டாரத்து அரசியல் மேலும்தான்.

1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது அதன் பெயர் சிதம்பரனார் மாவட்டம். திருநெல்வேலிக்குக் கட்டபொம்மன் பெயர். 1997-இல் விருதுநகரில் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. சுந்தரலிங்கம் எங்கள் தாலுகாவின் கவர்னகிரியில் பிறந்து கட்டபொம்மன் படையில் நின்றவர். எதிரியின் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்து செத்தார் என்று சொல்லப்படுகிறவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் சிலர். கலவரம், தீ, சாவு. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. கட்டபொம்மனும் சிதம்பரனாரும் சுந்தரலிங்கமும் ஒரே நாளில் போனார்கள்.

கட்டபொம்மனும் சுந்தரலிங்கமும் ஒரே அணி. ஒரே கோட்டைக்காகச் செத்தவர்கள். இருநூறு வருஷம் கழித்து அவர்கள் பெயர்கள் அடுத்தடுத்து பஸ்ஸில் நிற்கக்கூட முடியவில்லை. இப்போதும் ஒருவர் பிறந்தநாளுக்கும் இன்னொருவர் ஊர்த் திருவிழாவுக்கும் தாலுகாவில் தடை உத்தரவு போடுகிறார்கள்.

வ.உ.சி.யின் கதையிலும் நாம் மறந்த ஒரு கயிறு உண்டு. எங்கள் ஊரில் அவர் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. கப்பல், செக்கு எல்லாருக்கும் தெரியும். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்த 40 ஆண்டு தண்டனையும் தெரியும். அந்த 40 எப்படி வந்தது என்று கவனித்திருக்கிறோமா? தான் பேசிய ராஜத்துரோகப் பேச்சுக்கு 20. சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதற்கு 20. பேசிய சிவாவுக்குக் கிடைத்தது 10 ஆண்டு. துணை நின்றவருக்கு அதைப் போல இரு மடங்கு. மேல்முறையீட்டில் அது குறைந்தது என்பது வேறு விஷயம். சிவா பேச்சில் கூட்டத்தைக் கட்டிப்போடுகிறவர். சிதம்பரம் பிள்ளை கப்பல் கம்பெனி, ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்று அந்தக் கூட்டத்துக்குச் செய்ய ஒரு வேலை கொடுக்கிறவர். இருவரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது ஆங்கில அரசுக்குத் துல்லியமாகப் புரிந்திருந்தது. டோட்டாவில் அடுத்தவன் கொலைக்கு உதவினால் நம் கணக்கில் 'அசிஸ்ட்' என்று ஏறும். அதற்குப் போட்ட விலை இந்த 20 ஆண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

*

இப்படிச் சொல்லும்போது டோட்டா ஏதோ சமத்துவப் பாடசாலை மாதிரி கேட்கும். இல்லை.

ஹீரோக்களை ஒருவரில்லாமல் ஒருவர் நிறைவடையாதபடி வடிவமைத்தவர்கள், மனிதர்களை எண்ணிப் பார்க்க ஒரு பட்டியல் வைத்தார்கள். ஆட்டம் முழுக்க ஒரு விரல் தட்டினால் அது திறக்கும். முதல் எண் கொலை, அடுத்தது சாவு, கடைசியில்தான் உதவி. கிரிஸ்டல் மெய்டன் வரைபடத்தில் எங்கே இருந்தாலும் தன் அணிக்கு மானா ஊறிக்கொண்டே இருக்கும். அது பட்டியலில் வராது. அவள் இருட்டில் போய் நட்டுவரும் வார்டு ஆறு நிமிடம் அணிக்கே கண்ணாக இருக்கும். நடப்போகும்போது அவள் செத்தால் அந்தச் சாவு மட்டும் வரும். தோற்றால் முதலில் திட்டு வாங்குவதும் அவளே. புதிதாக வருகிறவனை 'நீ சப்போர்ட் எடு' என்று தள்ளுவது வழக்கம், அது எளிய வேலை என்ற நினைப்பில். அடியாளுக்குக் காசும் ஆளும் கொடுத்துக் காப்பாற்றுவது அணியின் கடமை. சப்போர்ட்டைக் காப்பாற்றுவது யாருடைய கடமையும் இல்லை. இந்த ஏற்பாட்டை நான் வேறு எங்கோ பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அங்கே கூட்டு சாத்தியப்படுவது யாரும் யார் என்று தெரியாததால். நாற்பது நிமிடம் உயிருக்கு உயிராக நின்றவன் எந்த நாடு, எந்தத் தெரு என்று தெரியாது. தெரிந்தால்?

எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். ஹெட்செட்டுக்குள் எல்லாரும் மாப்ளைதான். பஸ் ஸ்டாப்பில் பார்த்துக்கொண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், இல்லை தலையை ஆட்டிக்கொள்வோம். இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. மாப்ள என்பது பொண்ணு கொடுத்து எடுக்கிற சொல். எங்கள் ஊரில் அது யார் வாயிலிருந்து யார் காதில் விழுகிறது என்று பார்க்க எப்போதும் ஒருவர் இருப்பார்.

2022 மே மாதம். திருவிழா நேரம், ரோடெல்லாம் போலீஸ். டீக்கடை வாசலில் நானும் சித்தப்பாவும் நின்றிருந்தோம். அவன், எங்கள் கிரிஸ்டல் மெய்டன், பைக்கில் போனவன் என்னைப் பார்த்துவிட்டு, "மாப்ள, நைட்டு வாரியா?" என்று கேட்டுவிட்டான். முந்தின ராத்திரி நாங்கள் வரிசையாக நாலு ஆட்டம் ஜெயித்திருந்தோம். அந்த நினைப்பில் வாயில் வந்துவிட்டது.

சித்தப்பா கிளாஸைக் கீழே வைத்தார். "அவன் ஒனக்கு மாப்ளயால?" என்றார் என்னைப் பார்த்து, அவனுக்குக் கேட்கும்படி.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆமா என்று ஒரு வார்த்தை. கூடப் படிச்ச பையன் என்றாவது சொல்லியிருக்கலாம். கால்பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கைந்து நொடி இருக்கும். அவன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அன்று ராத்திரி அவன் வந்தான். கிரிஸ்டல் மெய்டன் எடுத்தான். மைக்கைத் திறக்கவே இல்லை. பிங் மட்டும். நான் வாய்ட். அவன் வார்டு நட்ட இடத்தில் எதிரிகள் வந்தார்கள், பிங் அடித்தான், நான் கோளம் போட்டேன், அவன் வெளியே நின்று செய்ய வேண்டியதை எல்லாம் சரியாகச் செய்தான். ஜெயித்தோம். நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து ஆடியதிலேயே அப்படி ஒரு ஆட்டம் அமைந்ததில்லை. பட்டியலில் எனக்குப் பதினாறு கொலை. அவனுக்கு ரெண்டு.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. இப்போது ஓசூர்ப் பக்கம் வேலை என்று கேள்வி. அழைக்க நம்பர் இருக்கிறது. அழைத்து என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். பாதி அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவன் படிப்பான் என்று நினைக்கிறேன். இந்த மாதிரி இணைய இதழ்களின் லிங்கை எனக்கு முதலில் அனுப்பத் தொடங்கியவனே அவன்தான்.

போன மாதம் அக்கா மகன் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான். மாமா, எந்த ஹீரோ பெஸ்ட் என்றான். பதில் சொல்லாமல் ஒரு ஆட்டம் போட்டேன். அவனுக்கு வாய்ட் கொடுத்துவிட்டு நான் கிரிஸ்டல் மெய்டன் எடுத்தேன். ரெண்டு வருஷம் சேர்ந்து ஆடியும் நான் ஒரு முறைகூட எடுக்காத ஹீரோ. அவள் இவ்வளவு மெதுவாக நடப்பாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.